இன்னும் கொஞ்சம் பெரிய வண்டி

இந்த அமெரிக்க நாட்டில் ஒரு ரகம் மனிதர் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பெல்ட்டில் ஓர் அளவு டேப்பு தொங்கும். யாருடைய வண்டியாக இருந்தாலும் சரி, அதன் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்து ஒரு 'ம்ஹூம்' போடாமல் எந்தக் கடை வாசலையும் கடந்து போகமாட்டார். டிரெய்லர் வீட்டை இழுக்கத் தகுந்த வண்டி எது என்று ஆராய்கிற பெரியவர் என்று இவரை மரியாதையாகச் சொல்லலாம். மரியாதை இல்லாமல் சொல்வதென்றால் நிறையச் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் செய்யப்போகிறேன்.

டிரெய்லர் வீடு தெரியுமல்லவா? கட்டில், அடுப்பு, கக்கூஸ், சோபா, சுவரில் டிவி, எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, அதற்கடியில் நாலு சக்கரத்தை மாட்டியிருப்பார்கள். தானாக ஓர் அடி நகராது. முன்னால் ஒரு வண்டி மாட்டி இழுக்கவேண்டும். புத்தியுள்ளவன் முதலில் மாட்டைப் பார்ப்பான், பிறகு அதற்கேற்ற வண்டியை வாங்குவான். நம்முடைய பெரியவர் முதலில் வீட்டை வாங்கிவிடுவார். அதுவும் ஒமாஹாவில் நடக்கிற பொருட்காட்சியில், இனிப்பு சோளப்பொரி ஒரு கையில், மனைவியின் கை இன்னொரு கையில் இருக்கும்போது, அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தில் வாங்கிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாடு தேட ஆரம்பிப்பார். தேடிக்கொண்டே இருப்பார்.

நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் ஊரில் இந்த ரகத்தின் உச்சமான மாதிரி டெல்மர் ஸ்வபோடா. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட சோளக்காட்டைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று சொல்கிற இன்சூரன்ஸ் வேலையில் ஆயுசைக் கழித்தவர். அந்த வேலையில் ஒரு சௌகரியம் உண்டு. வயலுக்குள் போய் நின்று, உதட்டைப் பிதுக்கி, "கஷ்டம்தான்" என்றால் போதும், சம்பளம் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு சோளக்காடு இல்லை. உதடும் பிதுக்கமும் மிச்சம் இருந்தன. அவற்றை அவர் மற்றவர்களுடைய வண்டிகள் மேல் திருப்பிவிட்டார்.

சர்ச்சில் சில்லி விருந்து நடக்கும், பீன்ஸும் கறியும் போட்டுக் காரமாகக் கொதிக்கவைத்த குழம்பு அது. எங்கள் ஊரில் சில்லிக்கு இலவங்கப்பட்டை ரொட்டியைத் தொட்டுக்கொள்வோம். வெளியூர்க்காரர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். எல்லாரும் உள்ளே தட்டும் கையுமாக நிற்கும்போது டெல்மர் மட்டும் வாகனம் நிறுத்துமிடத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். யாரோ ஓர் இளம் தம்பதி, ஒரு டிரெய்லரோடு ஊர் வழியாகப் போகிறவர்கள், சாப்பாட்டு வாசனைக்கு நிறுத்தியிருப்பார்கள். அந்தப் பையன் ரொட்டியைக் கடித்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தால், தன் வண்டிக்கடியில் ஒரு கிழவர்.

"ஐயா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இன்னும் விழல தம்பி. விழும். இதை வச்சா அதை இழுக்கறே?"

"ஆமாங்க. கடையில இழுக்கும்னாங்க."

"இழுக்கும் தம்பி, இழுக்கும். யாரு இல்லன்னா? நிறுத்துமா?"

இந்த 'நிறுத்துமா' இருக்கிறதே, இதுதான் இந்த ரகத்தின் வேதம். இதைச் சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பையன் முகம் வெளிறும். பிறகு, டெல்மரின் மச்சானுக்குத் தெரிந்த ஒருவனை வயோமிங்கில், பக்கவாட்டுக் காற்றில், டிரெய்லர் வண்டியோடு சேர்த்துச் சுழற்றிச் சாலைக்கு வெளியே வீசிய கதை வரும். அந்த மச்சானுக்குத் தெரிந்தவனை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவனுக்கு ஓர் எலும்பு கூடுதலாக முறியும். பையனின் மனைவி காதில் விழும்படியாகச் சொல்வதுதான் முக்கியம். அன்று ராத்திரி அந்த இளம் தம்பதிக்குள் சண்டை நிச்சயம். டெல்மர் நிம்மதியாக உள்ளே போய், ஆறிப்போன சில்லியை ருசித்துச் சாப்பிடுவார்.

சரி, இத்தனை பேசுகிறாரே, இவர் எத்தனை ஊருக்கு டிரெய்லரை இழுத்துப் போயிருக்கிறார் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கேளுங்கள். நாங்களும் கேட்டுப் பார்த்தோம். ஓர் ஊருக்கும் இல்லை! அவருடைய டிரெய்லர் கார் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சமையலறைக் காற்றுக்குழாயில் சிட்டுக்குருவி குடும்பம் நடத்துகிறது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தபோதெல்லாம் டெல்மர் அதை அழகாக வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஏன் போகவில்லை என்றால், சரியான வண்டி அமையவில்லை.

முதலில் இருந்த பிக்கப் சின்னது. ஒத்துக்கொள்ளலாம், அது உண்மையிலேயே சின்னது. அதை விற்றுப் பெரியது வாங்கினார். பெரியது வாசலில் வந்து நின்றதும் ஒரு புதுக் கவலை பிடித்தது. "இவ்வளவு பலமுள்ள வண்டிக்கு இந்தக் குட்டி டிரெய்லரா? பலம் வீணால்ல போகுது?" பலம் வீணாகக்கூடாதே என்று இன்னும் நீளமான டிரெய்லர் வாங்கினார், இருபுறமும் சுவர் வெளியே தள்ளி அறை அகலமாகிற ரகம். அது வந்து நின்றதும் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ம்ஹூம். இப்போது வண்டி போதவில்லை. அதைவிடப் பெரிய வண்டி. பிறகு, அதற்கு ஈடாக, அதைவிடப் பெரிய டிரெய்லர். சட்டைக்குப் பொருத்தமாகப் பேன்ட், பேன்ட்டுக்குப் பொருத்தமாகச் சட்டை என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கே போகாமல் கண்ணாடி முன்னால் நிற்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அவன்தான் இவர். டீலர் கடைக்காரனுக்கு டெல்மரைப் பார்த்தால் முகம் அப்படி மலரும். மலராதா பின்னே?

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத விஷயம் ஒன்று உண்டு, அது அவர் மனைவி ஆர்லீன்.

ஆர்லீனுக்கு ஒரே அக்கா, லியோட்டா. ஒரிகனில் கடலோரமாக ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாக இருட்டாகிற நோய் இல்லை. பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துகொண்டே வருகிற நோய். நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு முகம் இருக்காது, காது மட்டும் இருக்கும். "ஓரமா பாத்தா கொஞ்சம் தெரியுதுடி. அதுவும் எத்தனை நாளோ. நீ வந்து ஒரு கோடை பூரா என்கூட இரு. உன் மூஞ்சியைப் பாத்து வச்சுக்கறேன்" என்று போனில் சொன்னாள். அதற்காகத்தான் அந்த முதல் டிரெய்லரே. ஒமாஹா பொருட்காட்சியில் டெல்மரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆர்லீன் மனதில் இருந்தது அக்கா வீட்டு வாசல்தான்.

"பிளேன்ல போய்ட்டு வந்துடறேனே" என்று ஆர்லீன் சொல்லாமல் இல்லை. சொன்னபோதெல்லாம் டெல்மருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன பேச்சு பேசறே? வீட்டையே உங்க அக்கா வாசல்ல கொண்டுபோய் நிறுத்தறேங்கறேன், பிளேனாம் பிளேன்! ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவான்?"

ஊரில் நாலு பேர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அவர் காதில் விழவில்லை. ஆர்லீனும் விட்டுக்கொடுத்தாள். நல்ல பெண்மணி, புருஷன் ஆசையாகச் செய்வதைக் கெடுப்பானேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்து நினைத்தே கோடைகள் போயின. லியோட்டா டிவி பார்ப்பதை நிறுத்தினாள், பிறகு கார் ஓட்டுவதை. பிறகு ஒரு நாள் போனில், "மழைக்காலம் வரைக்கும் இருக்கற பார்வை இருக்கும்னு டாக்டர் சொல்றாருடி" என்றாள்.

ஆர்லீன் போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

"டெல்மர், இந்த ஜூன்ல கிளம்பறோம். உன் வண்டி பெருசோ சின்னதோ, எனக்குத் தெரியாது. கிளம்பறோம்."

அவள் குரலில் இருந்தது டெல்மருக்கே உறைத்திருக்கவேண்டும். "கிளம்பிடலாம், கிளம்பிடலாம். எடை மட்டும் போட்டுப் பாத்துக்கறேன்" என்றார்.

எங்கள் ஊரில் எடை போடவேண்டுமென்றால் தானியக் கிடங்கின் மேடைக்குத்தான் போகவேண்டும். சோளம் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்க, நடுவில் டெல்மர், அரண்மனை மாதிரி டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அந்த டிரெய்லர் அதுவரை போன மிக நீண்ட பயணம் அதுதான். பின்னால் நின்ற விவசாயிகள் ஹாரன் அடித்தார்கள். டெல்மர் அசரவில்லை. முதலில் வண்டி மட்டும், பிறகு டிரெய்லரோடு, பிறகு சாமான்களோடு என்று மாற்றி மாற்றி நிறுத்தி எடை பார்த்தார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி பின்னால் எவ்வளவு இழுக்கும் என்பது ஒரு கணக்கு. தன் முதுகில் எவ்வளவு சுமக்கும் என்பது வேறு கணக்கு. டிரெய்லரின் மூக்கு கொக்கியில் உட்காருகிறதே, அந்தப் பாரம் முதுகுக் கணக்கில் சேரும். உள்ளே ஏறுகிற ஆட்களும் முதுகுக் கணக்குதான். இழுக்கும் கணக்கில் டெல்மரின் வண்டி ஒரு மாதா கோயிலையே இழுக்கும். முதுகுக் கணக்கில்தான் உதைத்தது.

"அந்த இரும்புச் சட்டி எதுக்கு?"

"லியோட்டாவுக்கு அதுல சுட்ட பான்கேக்தான் பிடிக்கும்."

"அவ வீட்டுல சட்டி இல்லையா? இறக்கு. இந்த ரஜாய்ப் போர்வை ரெண்டு?"

"அம்மா தைச்சது. ஒண்ணு அவளுக்குக் குடுக்கறதா இருந்தேன்."

"தபால்ல அனுப்பு. இது என்ன, ஜாம் பாட்டிலா? கண்ணாடியா? அடப் போம்மா!"

ஒவ்வொன்றாக இறங்கிற்று. ஆர்லீன்தான் இறக்கினாள். கருவிப் பெட்டி இறங்கவில்லை. அது டெல்மருடையது. உபரி ஜாக்கி இறங்கவில்லை. கொக்கிக்கு ஒரு உபரிக் கொக்கி, ஜெனரேட்டர், அதற்கு எண்ணெய் கேன், எல்லாம் அவசியம், எல்லாம் பாதுகாப்பு. மறுபடியும் கூட்டினார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் கூட்டினார். பிறகு அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

"ஆர்லீன், ஒரு வழி இருக்கு."

"சொல்லு."

"நீ ஏறலன்னா சரியா வருது."

ஆர்லீன் சிரித்தாள். நிஜமாகவே வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எங்க அக்காவைப் பாக்க, நான் இல்லாம, நீ போறே."

"கோவப்படாதே. கணக்கு சொல்லுது, நானா சொல்றேன்? ஒரு முப்பது பவுண்டு கூடன்னாலும் பரவால்ல, டூல் பாக்ஸை யோசிக்கலாம். நீ… பாரு, நான் குத்தம் சொல்லல…"

"போய் என்ன பண்ணுவே, டெல்மர்? என் மூஞ்சியை வரைஞ்சு காட்டுவியா அவகிட்ட?"

"அதான் சொல்றேன், இந்த வருஷம் விட்டுடலாம். இலையுதிர் காலத்துல புது மாடல் வருது. முதுகு பலம் அதுல ஜாஸ்தி. அடுத்த கோடைக்கு ராணி மாதிரி உக்காந்துகிட்டு வா."

அடுத்த கோடை! மழைக்காலம் வரை என்று டாக்டர் கெடு வைத்த கண்ணுக்கு அடுத்த கோடையாம். இதைச் சொன்ன மனுஷர் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சலே. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பாடுவார். மனைவியின் பாதுகாப்புக்காகவே மனைவியை இறக்கிவிட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஆர்லீன் எழுந்து, பின்வாசல் வழியாகப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரோசால்பாவைக் கூப்பிட்டாள். ரோசால்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்து மூடியவள், புருஷனை இழந்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஒரு பழைய வேனும், அதற்குப் பின்னால் கோழிக்கூடு மாதிரி ஒரு சின்ன டிரெய்லரும் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மேற்கே ஒரிகனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் வருகிறவள். டெல்மர் அவள் வேனைப் பார்க்கிறபோதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

"ரோசால்பா, நீ எப்போ கிளம்பறே?"

"வெள்ளிக்கிழமை. ஏன், உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கு உன் வண்டியில இடம் இருக்கா?"

ரோசால்பா துணிக் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "இருக்காவா? கிளம்புடி! பல்லு பிரஷ், நாலு ஜட்டி, வேற என்ன வேணும்?"

"ஒரு இரும்புச் சட்டி. ரெண்டு ரஜாய். ஜாம் பாட்டில்."

"கொண்டா, கொண்டா. ஜாமைப் போற வழியில நான் தின்னுட்டா கேக்கக்கூடாது."

வெள்ளிக்கிழமை காலையில் டெல்மர் வேலிப் பக்கம் வந்து நின்றார். குந்தி உட்கார்ந்தார். ரோசால்பாவின் வேனின் பின்பக்கத்தைப் பார்த்தார். எதிர்பார்த்த மாதிரி அது தாழ்ந்திருக்கவில்லை. அது அவரை மேலும் வருத்தப்படுத்திற்று.

"ரோசால்பா, நான் சொல்றதைக் கேளுங்க. மலை ஏறிடும் இது. இறங்கும்போது நிறுத்துமா?"

"டெல்மர், எங்க வீட்டுக்காரரும் ஆயுசு பூரா இதையேதான் கேட்டுகிட்டு இருந்தாரு. பாவம், அவரு நின்னுட்டாரு. நானும் வேனும் ஓடிகிட்டுதான் இருக்கோம். நகருங்க, கால்ல ஏத்திடப் போறேன்."

ஆர்லீன் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அழவில்லை. "ஃப்ரிட்ஜில சாப்பாடு இருக்கு, மூணு டப்பா. அப்புறம் நீயே பண்ணிக்க" என்றாள்.

அதன் பிறகு டெல்மர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? வருந்தினாரா? வெட்கப்பட்டாரா? போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர்கள் வழியில் எங்கேயாவது நின்றுவிட்டார்கள் என்ற செய்திக்காக. தன் பெரிய வண்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் நிரப்பி, ஓடிப்போய்க் காப்பாற்றத் தயாராக வாசலில் நிறுத்தியிருந்தார். வயோமிங்கில் காற்று பலமாக இருக்கும் என்று ரேடியோ சொன்னபோது அவர் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. தபால்காரரிடம்கூட, "இந்நேரத்துக்கு உதவி கேட்டுக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். யாரும் கூப்பிடவில்லை.

போன் வந்தபோது பின்னணியில் கடல் இரைந்தது.

"டெல்மர், ஆர்லீன் பேசறேன். வந்து சேந்துட்டோம்."

"எந்தப் பிரச்சினையும் இல்லையா?" அவர் குரலில் ஒரு தொய்வு.

"இல்ல. நல்லா வந்தோம். டெல்மர், அவ என்னைப் பாத்துட்டா. வாசப்படியில நின்னுகிட்டு, கழுத்தைச் சாச்சு, கோழி பாக்கும்ல, அந்த மாதிரி ஓரக்கண்ணால ரொம்ப நேரம் பாத்தா. 'அடியே, உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது'ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சு, அழுது… இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு இருக்கு எனக்கு."

ஒன்றை மறைக்கமாட்டேன், டெல்மருக்கு அந்த நியாயத்தைச் செய்கிறேன். ஒரு விநாடி அந்த வாசப்படியில், தானும் நின்றிருக்கவேண்டிய இடம் அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போனார்.

"அந்த மலை இறக்கத்துல," என்றார், "பிரேக் சூடாச்சா?"



"நான் இங்க கொஞ்ச நாள் இருக்கப்போறேன், டெல்மர்."

"எவ்வளவு நாள்?"

"நீ சரியான வண்டியைக் கண்டுபிடிக்கற வரைக்கும்."

டெல்மருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்பாடா, கடைசியில் இவளுக்கும் புரிந்துவிட்டது, அவசரமில்லை, நிதானமாகப் பார்த்து எடுக்கலாம்! போனை வைத்தவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக டீலர் கடைக்குப் போனார். இன்றைக்கும் சாயங்கால வேளையில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம், ஏதோ ஒரு புது வண்டிக்கடியில் குந்தியிருப்பார். கூட நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆர்லீன் இல்லாத வீட்டில் பெரிய டிரெய்லர் அதே இடத்தில் நிற்கிறது. இப்போது புல்லை யாரும் வெட்டுவதில்லை.

சிரித்தீர்களா? நானும்தான். ஆனால், ரோசால்பாவின் வேன் என்ன மாடல் என்று நான் கடைசிவரைக்கும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அந்தப் பழைய வண்டி எப்படி மலை ஏறியது, நிஜமாகவே பிரேக் சூடாயிற்றா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்திருக்குமே? லியோட்டாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தவர்கள் தயவுசெய்து மன்னிக்கவேண்டும், இந்தக் கேலி உங்களைப் பற்றியது அல்ல. மற்றவர்கள் டீலர் கடைக்குப் போகலாம். டெல்மர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்.